விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்

என் மைத்துனர் என்னை விசாரித்ததாக என் மனைவி வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது சந்தோஷமில்லை, சந்தேகம். இது பிறவிக் குணமா, தொழிலால் வந்த கோளாறா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. டில்லி முனிர்காவில், ஒரு சந்துக்குள் இருக்கும் கட்டடத்தின் பேஸ்மென்ட்டில், சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுத்துச் சாப்பிடுகிறவன் நான். அதிலும் என் புகழ் பரவியிருப்பது ஒரே ஒரு பாடத்தில்தான். அதுவும் அந்தச் சந்தின் இரண்டு முனைகளுக்கு நடுவில். ஒருவர் பேசியதை இன்னொருவர் எடுத்துச் சொல்வது எப்படி என்ற பாடம். பீகாரிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் வரும் பிள்ளைகள் அதை 'நரேஷன்' என்பார்கள். 'நரேஷன்வாலே சர்' என்றால் நான்தான்.

பாடம் சுலபம். ஒருவன் 'நான் இன்று இங்கே வேலையாக இருக்கிறேன்' என்கிறான். அதை நீங்கள் இங்கிலீஷில் மூன்றாவது ஆளிடம் கொண்டுபோவதானால் முதலில் மேற்கோள் குறிகளைக் கழற்றிவிட வேண்டும். 'நான்' என்பது 'அவன்' ஆகிவிடும். 'இன்று' போய் 'அன்று', 'இங்கே' போய் 'அங்கே'. 'இருக்கிறேன்' ஒரு படி பின்வாங்கி இறந்த காலத்துக்குள் போய் நின்றுகொள்ளும். கடைசியில் கிடைப்பது, அவன் அன்று அங்கே வேலையாக இருந்ததாகச் சொன்னான் என்பது. பாவம், வேலையாக இருந்ததைத் தவிர அவனிடம் எதையும் விட்டுவைக்கவில்லை. அவன் 'ஐயோ' என்றிருந்தால் 'வருத்தத்துடன் கூவினான்' என்று எழுத வேண்டும். 'ஆகா' என்றிருந்தால் 'மகிழ்ச்சியுடன் கூவினான்'. உலக உண்மைகளுக்கு மட்டும் விலக்கு. பூமி சூரியனைச் சுற்றுவதை யார் எடுத்துச் சொன்னாலும் அது நிகழ்காலத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொன்னதை எப்படி மாற்றுவது என்பதற்குத்தான் எந்தப் புத்தகத்திலும் விதி இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். தேடுவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் இருந்தது.

மைத்துனர் என் மனைவிக்கு அண்ணன். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று, துவாரகாவில் ஒன்பதாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினார். கிரகப்பிரவேசத்தன்று அந்தப் பால்கனியில் நின்று, "இங்கேருந்து ஏர்போர்ட் நல்லாத் தெரியுது, வீடு எங்கன்னுதான் தேடணும்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; நான் சொன்னதற்கு நானே சிரிப்பது எனக்குப் பழைய வியாதி. பால்கனியிலிருந்து சமையலறைக்கும், சமையலறையிலிருந்து மைத்துனர் காதுக்கும் அந்த வாக்கியம் போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு எங்கேயோ இறங்கிக்கொண்டுவிட்டது. வீட்டைத் தேட வேண்டியிருக்கிறதென்று மாப்பிள்ளை குறை சொன்னாராம் என்பதுதான் மிஞ்சியது. அதற்கு அவர் சொன்ன பதில் அதே பாதையில் திரும்பி வந்தது. நான் குடியிருப்பது சர்க்கார் குவார்ட்டர்ஸ், அதுவும் பெண்டாட்டி பேரில் என்றாராம். நாங்கள் இருப்பது சரோஜினி நகரில். என் மனைவி ஒரு அமைச்சகத்தில் அதிகாரி. வீடு அவள் பேரில்தான். உலக உண்மை. எந்தக் காலத்துக்கும் மாற்றாமல் அப்படியே எடுத்துச் சொல்லலாம். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

அன்றோடு நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினோம். வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் என் மனைவியும் அவர் மனைவியும் நிறுத்தவில்லை. தினம் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே இவள் போனைக் காதில் வைத்துக்கொள்வாள். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: எவ்வளவு நேரம் பேசினாலும், வைக்கும் முன்னால் 'அவரை விசாரிச்சதா சொல்லுங்க' என்று ஒரு வரி சொல்லாமல் போனை வைக்க முடியாது. அப்படி வைத்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு அது ஒரு விவகாரம். அவர் விசாரிக்கவில்லை, இவர் விசாரிக்கச் சொல்லவில்லை என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. விசாரிப்பு நடந்ததாக இரண்டு பக்கமும் பதிவாகிவிட வேண்டும்.

எனவே வாரம் தவறாமல் எனக்குச் செய்தி வந்தது. "அண்ணன் உங்களை ரொம்ப விசாரிச்சாரு. சௌக்கியமா இருக்காரா, வேளைக்குச் சாப்பிடறாரான்னு கேட்டாராம்."

இங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. மைத்துனர் தன் வாழ்நாளில் யாரையும் 'சௌக்கியமா' என்று கேட்டதில்லை. பட்டாளத்துத் தமிழ் அவருடையது. ஜோத்பூரிலும் ஆதம்பூரிலும் ஊறியது. அவர் நலம் விசாரிப்பது 'என்ன மாப்ள, டீக் ஹை?' என்பதோடு முடிந்துவிடும். பதிலுக்குக்கூட நிற்க மாட்டார். அந்த மனிதர் என் மனைவியின் வாய் வழியாக வரும்போது மட்டும் தஞ்சாவூர் ஜில்லாப் பெரிய மனிதரைப் போல நிறுத்தி நிதானமாகப் பேசினார். வேளைக்குச் சாப்பிடறாரா என்பது அப்படியே என் மனைவியின் வாக்கியம். திருடின சைக்கிளில் பெயின்ட் மாற்ற மறந்தது போல இருந்தது.

இருந்தும் ஒரே ஒரு செய்தியை மட்டும் நான் சந்தேகப்படவில்லை. இங்கே வரும் ஒரு சின்னத் தமிழ்ப் பத்திரிகையில் நான் அவ்வப்போது எழுதுகிறேன். அதை அச்சடிப்பவரும் நானும் தவிர வேறு யார் படிக்கிறார்கள் என்பது இன்றுவரை தெரியாத பத்திரிகை. "உங்க கட்டுரையைப் படிச்சு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாராம்" என்று ஒருநாள் மனைவி சொன்னாள். இதில் என்ன சந்தேகப்பட இருக்கிறது? நன்றாக எழுதினால் விரோதியும் சிரிக்கத்தான் செய்வான். அதற்குப் பிறகு எழுதும்போதெல்லாம், இந்த இடத்தில் மச்சான் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

இந்த ஏற்பாடு இப்படியே போயிருக்கும். தை மாதத்தில் மைத்துனரின் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதில்தான் சிக்கல்.

அந்தப் பெண்ணை அவர் எல்லைப்பக்கம் இருந்த காலத்தில் வளர்த்தது பெரும்பாலும் என் மனைவி. எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் இன்னமும், சுண்ணாம்பு அடித்தும் போகாமல், அவளுடைய கிறுக்கல் ஒன்று இருக்கிறது. அந்தக் கல்யாணத்துக்கு அத்தை போகாமல் இருப்பதாவது. ஆனால் போவதற்கு அழைப்பு வேண்டும். கல்யாண அழைப்பு ஒன்றை மட்டும் எங்கள் பக்கத்தில் இன்னொருவர் எடுத்துச் சொல்ல முடியாது. பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பலாம், கூரியரில் அனுப்பலாம், அதெல்லாம் தகவல். அழைப்பென்றால் தம்பதியாக வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலைபாக்கும் பத்திரிகையும் வைத்து, குங்குமம் கொடுத்து, அவரவர் வாயால் 'வரணும்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'வரச் சொன்னார்' என்று வேறொருவர் வந்து சொன்னால் அதற்குப் பெயர் அழைப்பில்லை. அப்படிக் கூப்பிட்ட கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தே பேர் வாங்கிய பெரியப்பாக்கள் எங்கள் வம்சத்தில் உண்டு.

என் மனைவி முதலில் வழக்கமான பாதையில்தான் முயன்றாள்.

"அண்ணன் உங்களை அவசியம் வரச் சொன்னாரு."

"உன்கிட்ட சொன்னாரா?"

"அண்ணிகிட்ட."

"அண்ணி உன்கிட்ட."

"ஆமா. போன்ல."

"அவரே வந்து சொல்லட்டும்."

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "நானும் அதைத்தாங்க அண்ணிகிட்ட சொன்னேன். நேர்ல வந்து உங்களைக் கூப்பிடாத கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் நிக்க மாட்டேன். வர்றவங்க எல்லாம் அவர் எங்கன்னு கேப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பொய் சொல்லணும். என்னால முடியாது."

பொய் சொல்ல முடியாது என்று அவள் சொன்னதை நான் சற்று நேரம் ரசித்தேன். அதை அண்ணியிடம் உண்மையிலேயே சொல்லியிருப்பாளா என்றும் யோசித்தேன். ஆனால் மறுநாள் ஒரு விஷயம் பார்த்தேன். பீரோவிலிருந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து, குளிர்காலத்து நோஞ்சான் வெயிலில் பால்கனிக் கொடியில் போட்டாள். மத்தியானம் எடுத்து மடித்தாள். மடித்ததை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பழையபடி பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். இதை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானே பார்த்தேன்.

அந்த வாரம் வகுப்பில் நரேஷன் பாடம். கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் வாக்கியங்களை மளமளவென்று மாற்றித் தள்ளினார்கள். இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாதது அன்றைக்குத் தோன்றியது. அவன் அப்படிச் சொன்னானா என்று இந்தப் புத்தகம் எந்த இடத்திலும் கேட்பதில்லை. இடதுபக்கம் மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டால் சொன்னதாகத்தான் அர்த்தம். நாம் வலதுபக்கத்தை நிரப்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலையில் மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. சாம்பாருக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில்தான் வாங்க வேண்டும், நான்தான் போக வேண்டும் என்றாள். எங்கள் தெருமுனையிலேயே முருங்கைக்காய் கிடைக்கிறதே என்றேன். அது முற்றல் என்றாள். பதினோரு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் நல்லதெல்லாம் போய்விடும் என்றாள். இடுப்புப் பிடித்தவள் இதைச் சொல்லிக்கொண்டே குனிந்து என் ஷூவை எடுத்துக் கொடுத்தாள். சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

தென்னாட்டுச் சாமான் விற்கும் கடை வாசலில், பனிமூட்டம் விலகி லேசாக வெயில் அடித்த இடமாகப் பார்த்து, குரங்குக் குல்லாயும் காக்கி ஸ்வெட்டருமாக ஒருவர் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறுக்கும் தோரணையிலேயே தெரிந்தது. திரும்பிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ள, டீக் ஹை?"

"இருக்கேன், மச்சான்."

அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு முருங்கைக்காயைக் கையில் பிடித்துக்கொண்டு, கத்திச்சண்டைக்கு வந்தவர்கள் போல நின்றோம். பிறகு அவர்தான் ஆரம்பித்தார். குரலில் விசாரணைக் கமிஷன் வாடை.

"ஒண்ணு கேக்கணும். என் முழங்கால்ல உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை?"

அவருக்கு முழங்கால் இருப்பதே எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "யார் சொன்னது?"

"வாராவாரம் கேக்கிறீங்களாம். எண்ணெய் தடவச் சொன்னீங்களாம். என் வீட்டுக்காரி சொல்றா. அவகிட்ட தங்கச்சி சொல்லிச்சாம். எனக்கு அப்பவே சக் வந்துச்சு. இந்த ஆளு எண்ணெய் பத்தியெல்லாம் பேசற ஆளில்லையேன்னு."

சக் என்றால் ஹிந்தியில் சந்தேகம். என்னைப் போலவே ஒரு மனிதர் துவாரகாவில் ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்து, எனக்கு வந்ததைப் போலவே வாரம் ஒரு செய்தியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது.

நானும் என்னிடம் இருந்ததை எடுத்து வைத்தேன். அவர் என்னைச் சௌக்கியமா என்று விசாரித்தது உண்டா? இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேனா என்று? "நீங்க சாப்பிடறதப் பத்தி நான் ஏன் கேக்கறேன்" என்றார். தீபாவளிக்கு எனக்கு ஸ்வெட்டர் எடுக்கச் சொன்னது? ஸ்வெட்டரா, எந்த ஸ்வெட்டர் என்றார். அதைத்தான் நான் அப்போது போட்டுக்கொண்டிருந்தேன். அவரும் தன் பக்கத்துச் செய்திகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் பெண் வேலையில் சேர்ந்தபோது நான் பெருமைப்பட்டுக் கண் கலங்கினேனாம். நான் கலங்கவில்லை. அவள் வேலையில் சேர்ந்ததே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

கடைசியாக, மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டேன். "என் கட்டுரை?"

"என்ன கட்டுரை?"

எனக்கு இருந்த ஒரே வாசகரும் என் மனைவியின் கற்பனை. என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

"சரி, அந்த சர்க்கார் குவார்ட்டர்ஸ், பெண்டாட்டி பேரு?" என்றேன்.

மைத்துனர் முருங்கைக்காயைப் பார்த்தார். "அது நான் சொன்னதுதான். வீடு எங்கன்னு தேடணும்னு நீங்க?"

"நானும் சொன்னதுதான். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்."

"சிரிச்சீங்கன்னு யாரும் சொல்லலியே."

ஆக இதுதான் கணக்கு. வந்த கெட்ட வார்த்தை இரண்டும் அசல். நல்ல வார்த்தை அத்தனையும் போலி. கடைக்காரர் எங்கள் இரண்டு பேர் கையிலிருந்த முருங்கைக்காய்களையும் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரம் முறுக்கினால் எந்தக் காய்தான் தாங்கும்?

"இன்னைக்கு உங்களை யார் அனுப்பிச்சது?" என்று கேட்டேன்.

"வீட்டுலதான். துவாரகால முருங்கைக்காயே இல்லையாம். பதினோரு மணிக்குள்ள போகணும்னா." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். என் பையை எட்டிப் பார்த்தார். அச்சா என்று மட்டும் சொல்லி, அந்த 'சா'வை நீளமாக இழுத்தார்.

அவர் தோள்பையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு தெரிந்தது. கை அதன் பக்கம் போயிற்று. நடுச்சந்தையில், முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் நடுவில் வைத்து நீட்டினால் வாங்குவதா, வேண்டாமா? வாங்கினால் என் பெரியப்பாக்கள் மன்னிக்க மாட்டார்கள். வாங்காவிட்டால் புடவை பீரோவிலேயே கிடக்கும். பட்டாளத்துக்காரருக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கையை எடுத்துவிட்டார்.

"இங்க வேணாம் மாப்ள. மரியாதையில்ல. நாளைக்கு வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"இதெல்லாம் வீட்டுல கேக்கப் போறீங்களா?"

"எதை?"

"அவங்க ரெண்டு பேரும் செஞ்சதை."

அவர் காய்க்குக் காசு கொடுத்து, பையில் செருகி, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் பதில் சொன்னார். "கேட்டா நிறுத்திடுவாங்க. அப்புறம் உங்களப் பத்தி நாலு நல்ல வார்த்தை என்கிட்ட சொல்ல வேற யார் இருக்கா?"

வீட்டுக்கு வந்ததும், மார்க்கெட்டில் யாரையாவது பார்த்தீர்களா என்று மனைவி கேட்டாள். கூட்டம்தான் என்றேன். அவள் இடுப்பு குணமாகியிருந்தது.

நேரே என் முகத்தைப் பார்த்து மைத்துனர் சொன்ன வாக்கியம் என்னிடம் இருந்தது. ஆள் மாறவில்லை, காலம் மாறவில்லை. ஆனாலும் ராத்திரி முழுக்க அதையும் நான் நம்பவில்லை. டில்லியில் 'கிளம்பிட்டேன்' என்பவன் குளிக்கப் போயிருப்பான். 'நாளைக்கு வரேன்' என்றால் வருகிற எண்ணம் ஒரு காலத்தில் இருந்தது என்று அர்த்தம். அவர் மனைவியிடம் போய் என்ன சொன்னாரோ. அவர் மனைவி இங்கே போனில் என்ன சொன்னாளோ. நடுவில் யாராவது என் சிரிப்பைக் கழற்றினது போல அவர் 'வரேன்'-ஐக் கழற்றியிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறையிலிருந்து நெய் வாசனை வந்தது. என்ன விசேஷம் என்றேன். "ஒண்ணுமில்ல, ரவை மிச்சம் இருந்தது" என்றாள். மிச்ச ரவையில் கேசரி கிண்டுகிறவள் தலைநிறைய பூ வைத்திருந்தாள். நானும் விசேஷம் எதுவும் இல்லாத காரணத்தால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. அவள் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டாள். ஒரு கட்டத்தில் எழுந்துபோய் பூவை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்கு மைத்துனர் மேல் நிஜமாகவே கோபம் வந்தது. குவார்ட்டர்ஸைச் சொல்லிக் காட்டியபோது வந்ததெல்லாம் ஒரு கோபமா.

ஒரு மணிக்கு வாசல் மணி அடித்தது. ரிங் ரோட்டில் டிராஃபிக் என்றார்கள். மைத்துனர் கோட்டு போட்டிருந்தார். படியேறி வந்ததில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி கையில் தாம்பாளம். உட்கார வைத்தோம். தண்ணீர் கொடுத்தோம். அவர் வாயைத் திறக்கும் முன், அவர் மனைவி என்னைப் பார்த்துத் தொடங்கினாள்.

"அண்ணே, இவர் என்ன சொல்றாருன்னா..."

கூடவே என் மனைவியும், "அவருக்கும் மனசுல ஒண்ணும் இல்ல அண்ணே, நேத்துகூட உங்களைத்தான்..."

"இருங்க" என்றார் மைத்துனர். "நான்தான் வந்திருக்கேன்ல. நானே சொல்றேன்."

இருவரும் நிறுத்தினார்கள். அவர் எழுந்து நின்றார். அணிவகுப்பில் நிற்பது போல நின்றார். தாம்பாளத்தை வாங்கி என் பக்கம் நீட்டினார்.

"மாப்ள, பொண்ணுக்குக் கல்யாணம். நீங்களும் தங்கச்சியும் முதல்நாளே வந்துடணும். வந்து முன்னால நிக்கணும்."

நான் தட்டை வாங்கிக்கொண்டேன். சிரிக்க வைப்பதாக ஏதாவது சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது, நல்லவேளை, வரவில்லை. வந்தது இதுதான்:

"முழங்கால் எப்படி இருக்கு மச்சான்? எண்ணெய் தடவுறீங்களா?"

அவர் என்னையே பார்த்தார். பெண்கள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். "தடவுறேன்" என்றார். "நீங்கதான் சொன்னீங்களே." பிறகு கேசரியில் ஒரு வாய் போட்டுக்கொண்டு, "போன மாசக் கட்டுரை படிச்சேன் மாப்ள. ரொம்ப நல்லா இருந்தது" என்றார். போன மாதம் நான் எதுவும் எழுதவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர்கள் கிளம்பியதும் மனைவி நேராக பீரோவுக்குப் போனாள். அரக்குப் புடவையைப் பால்கனிக் கொடியில் விரித்துப் போட்டு, நான்கு கிளிப்பும் குத்திவிட்டு வந்தாள். கீழே அவர்கள் இன்னும் டாக்ஸிக்காரனிடம் வழி சொல்லிக்கொண்டு நின்றார்கள்; மேலே இருந்து எனக்குத் தெரிந்தது.

"அண்ணி சொன்னாங்க" என்றாள். "படி இறங்கும்போது அண்ணன் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாராம், மாப்பிள்ளை ரொம்ப இளைச்சுட்டாருன்னு."

அண்ணி அதை எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்தேன். இளைத்ததாகத் தெரியவில்லை.